ஓரெழுத்துப் பிழை

நுழையும்முன்

உடல் வளர்வதற்கு உணவு வேண்டும், உறக்கம் வேண்டும், நோயற்ற வாழ்வு வேண்டும். இவையாவும் அமைந்தும் சில குழந்தைகள் உரிய உயரத்திற்கு வளர்வதில்லை. அதற்கான காரணம் சில வேளைகளில் மரபணுவின் ஒரே ஓர் எழுத்தில் அடங்கியிருக்கிறது. அவ்வெழுத்தைத் தேடிச்சென்ற அறிவியலின் வழியையும், அந்த அறிவு சமூகத்தின்மேல் சுமத்தும் கடமையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

எழுத்தும் பொருளும்

'மலை ஏறினான்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'மழை ஏறினான்' என்று எழுதிவிட்டால் பொருள் கெட்டுவிடும். மாறியது ஓர் எழுத்துத்தான். ஆயினும் சொல் வேறாகிவிடுகிறது. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் இதுபோன்ற எழுத்துகளால் ஆன ஒரு பெருநூல் உள்ளது. அந்நூலின் பெயர் டி.என்.ஏ. அதன் நெடுங்கணக்கில் நான்கே எழுத்துகள் உண்டு. அவற்றை ஏ, டி, ஜி, சி என்று குறிப்பர். இந்நான்கும் மாறிமாறி வந்து, ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட நூலாக விரிகின்றன. அந்நூலில் ஒரு புரதத்தை உருவாக்குவதற்கான செய்முறையைத் தாங்கிய பகுதியே மரபணு எனப்படும்.

மரபணுவில் மூன்று எழுத்துகள் சேர்ந்து ஒரு சொல்லாகும். ஒவ்வொரு சொல்லும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். அமினோ அமிலங்கள் மணிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்படும்போது புரதம் உருவாகிறது. 'இத்துடன் முடிக்க' என்று கட்டளையிடும் சொற்களும் அந்நூலில் உண்டு. அவை முற்றுப்புள்ளி போன்றவை. முற்றுப்புள்ளி வாக்கியத்தின் இறுதியில் வந்தால் பொருள் நிறைவுபெறும். நடுவில் விழுந்தால் வாக்கியம் முறிந்துபோகும். இவ்வாறு நடுவில் விழுந்த ஒரு முற்றுப்புள்ளியே இக்கட்டுரையின் மையப்பொருளாகும்.

வளர்ச்சிச் சங்கிலி

குழந்தையின் எலும்புகள் தாமாகவே நீள்வதில்லை. அவற்றுக்கு 'வளர்க' என்னும் ஆணை வந்துசேர வேண்டும். அந்த ஆணை பிறக்கும் இடம் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ் ஆகும். அங்குள்ள நரம்பணுக்கள் ஒரு சிறு பெப்டைடைச் சுரக்கின்றன. பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் சிலவோ பலவோ இணைந்த குறுஞ்சங்கிலி. அளவில் அது புரதத்தைவிடச் சிறியது. இங்கே நாம் குறிப்பிடும் பெப்டைடு 44 அமினோ அமிலங்களால் ஆனது. வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்குமாறு தூண்டுவது அதன் பணியாதலால் இக்கட்டுரையில் அதனைத் 'தூண்டு பெப்டைடு' என்று அழைப்போம்.

தூண்டு பெப்டைடு நுண்ணிய இரத்தக் குழாய்களின் வழியே அருகிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் முன்பகுதியை அடைகிறது. அங்குள்ள குறிப்பிட்ட உயிரணுக்கள் அச்செய்தியைப் பெற்று வளர்ச்சி ஹார்மோனை இரத்தத்தில் கலக்கின்றன. இச்சுரப்பு நாள் முழுதும் ஒரே சீராக நிகழ்வதன்று. அலை எழுந்து அடங்குவதுபோல் விட்டுவிட்டு நிகழும். ஆழ்ந்த உறக்கத்தில் அவ்வலை உயர்ந்தெழும். வளர்ச்சி ஹார்மோன் கல்லீரலையும் பிற திசுக்களையும் அடைந்து, இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி என்னும் வேறொரு பொருளை உண்டாக்குகிறது. இவ்விரண்டும் சேர்ந்து எலும்பின் முனைகளில் உள்ள வளர்தட்டுகளைத் தூண்டுகின்றன. எலும்பு நீள்கிறது, குழந்தை வளர்கிறது.

இதனை ஒரு சங்கிலியாகக் கருதலாம். ஹைபோதலாமஸ், பிட்யூட்டரி, கல்லீரல், எலும்பு என நான்கு இடங்கள். அவற்றை இணைக்கும் மூன்று செய்திகள். எந்தக் கண்ணி அறுந்தாலும் புறத்தே தெரியும் விளைவு ஒன்றுதான்: குழந்தை வளர்வதில்லை. ஆனால் அறுந்த கண்ணி எது என்பதைப் பொறுத்து மருத்துவம் வேறுபடும். ஆகவே அதனைச் சரியாகக் கண்டறிவது இன்றியமையாதது.

செய்தியும் செவியும்

ஒருவர் எவ்வளவு உரக்கப் பேசினாலும் கேட்பதற்குச் செவி இல்லையென்றால் பேச்சு பயனற்றதாகும். உயிரணுவின் புறச்சவ்வில் செவி போல அமைந்து செய்தியைப் பெறும் புரதமே ஏற்பி. ஒவ்வோர் ஏற்பியும் தனக்குரிய செய்தியை மட்டுமே பெரும்பாலும் ஏற்கும். பூட்டுக்கேற்ற திறவுகோல் என்று இதனை உவமிப்பர்.

தூண்டு பெப்டைடின் ஏற்பி 423 அமினோ அமிலங்களால் உருவாகிறது. ஊசியில் கோத்த நூல் துணிக்குள் ஏறி இறங்குவதுபோல அது உயிரணுவின் சவ்வை ஏழுமுறை ஊடுருவிச் செல்கிறது. அதன் ஒரு முனை சவ்விற்கு வெளியே நீண்டு பெப்டைடைப் பற்றிக்கொள்ளும். மறுமுனை உள்ளே இருக்கும். பெப்டைடு வெளியே பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் சற்றே மாறுகிறது. அம்மாற்றம் உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் சிறு மூலக்கூறு பெருகக் காரணமாகிறது. அம்மூலக்கூறு உயிரணுவுக்குள் செய்தியைப் பரப்புகிறது. வளர்ச்சி ஹார்மோன் வெளிப்படுகிறது. அதுமட்டுமன்றி, அந்த ஹார்மோனைப் புதிதாக உற்பத்தி செய்வதற்கும், அதனைச் சுரக்கும் உயிரணுக்கள் எண்ணிக்கையில் பெருகுவதற்கும் இதே செய்திதான் வழிவகுக்கிறது. ஏற்பி செயலற்றுப்போனால் பிட்யூட்டரியின் முன்பகுதியே சிறுத்துவிடுவதற்குக் காரணம் இதுவே.

தூண்டு பெப்டைடு இருக்கவேண்டும் என்று அறிவியலாளர் நெடுநாள் முன்பே ஊகித்திருந்தனர். ஆயினும் அது மூளையில் மிக மிகச் சிறிய அளவிலேயே சுரந்ததால் பிரித்தெடுக்க இயலவில்லை. 1982ஆம் ஆண்டில் எதிர்பாராத திசையிலிருந்து விடை கிடைத்தது. கை, கால், தாடை ஆகியவை அளவுக்கு மீறிப் பெருக்கும் நோயுற்ற சிலருக்கு, கோளாறு பிட்யூட்டரியில் தொடங்கவில்லை; கணையத்தில் தோன்றிய கட்டியே தூண்டு பெப்டைடை மிகுதியாகச் சுரந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் ரோஜர் கில்லெமின் குழுவினரும், அதே நிறுவனத்தில் வைலி வேல், ஜீன் ரிவியே ஆகியோர் குழுவினரும் அத்தகைய கட்டிகளிலிருந்து அப்பெப்டைடைத் தனித்தனியே பிரித்தெடுத்தனர். மிகைவளர்ச்சி தந்த துன்பம், குறைவளர்ச்சியைப் புரிந்துகொள்ள வழிதிறந்தது.

தெரிந்து தெளிவோம்

மூளையில் சுரக்கும் பெப்டைடு ஹார்மோன்களைக் கண்டறிந்தமைக்காக ரோஜர் கில்லெமின், ஆண்ட்ரூ ஷாலி ஆகியோர் 1977ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர். ஹார்மோன்களை மிக நுண்ணிய அளவிலும் அளந்தறியும் முறையை உருவாக்கிய ரோசலின் யாலோவும் அவ்வாண்டின் பரிசில் பங்குபெற்றார். தொடக்ககால ஆய்வுகளுக்காகக் கில்லெமின் குழுவினர் ஆடுகளின் மூளைப் பகுதிகளை இலட்சக்கணக்கில் திரட்டவேண்டியிருந்தது.

சுண்டெலி காட்டிய வழி

ஏற்பியின் கதை ஒரு சுண்டெலியிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வகம் உள்ளது. மரபியல் ஆய்வுக்கான சுண்டெலிகளை வளர்ப்பதில் அது புகழ்பெற்றது. அங்கே இயல்பாகவே தோன்றிய சிற்றுருவச் சுண்டெலி வகை ஒன்றை ஈவா ஐக்கர், வெஸ்லி பீமர் ஆகியோர் 1976ஆம் ஆண்டில் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர். அவ்வெலியின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று அளவொத்தே இருந்தன. உடல் மட்டும் சிறுத்திருந்தது. அதற்குக் காரணமான மரபணு 6ஆம் குரோமோசோமில் உள்ளது என்பதையும் அவர்கள் காட்டினர். 'சிறியது' என்னும் பொருளில் அம்மரபணுவிற்கு 'லிட்டில்' என்று பெயரிட்டனர்.

அவ்வெலிகளுக்கு வளர்ச்சி ஹார்மோனைச் செலுத்தினால் அவை வளர்ந்தன. எனவே கல்லீரலிலும் எலும்பிலும் குறையில்லை என்பது தெளிவாயிற்று. தூண்டு பெப்டைடைச் செலுத்தினாலோ எவ்வித விளைவும் இல்லை. ஆகவே செய்தி இல்லாமை குறையன்று. 1986ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. ஏற்பியைத் தவிர்த்து, உயிரணுவின் உட்புறச் செய்திப்பாதையை நேரடியாகத் தூண்டியபோது பிட்யூட்டரி உயிரணுக்கள் வளர்ச்சி ஹார்மோனை வெளியிட்டன. செய்தி உண்டு, வீட்டுக்குள் வேலையாளும் உண்டு, கதவு மட்டும் திறக்கவில்லை. குறை ஏற்பியில்தான் இருக்கவேண்டும் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். ஏற்பியின் மரபணு கண்டறியப்படுவதற்கு முன்பே செய்யப்பட்ட ஊகம் இது.

1992ஆம் ஆண்டில் ஏற்பியின் மரபணு கண்டறியப்பட்டது. 1993ஆம் ஆண்டில் 'லிட்டில்' எலியின் மரபணுவைப் படித்துப் பார்த்தனர். ஊகம் உண்மையாயிற்று. ஏற்பியின் 60ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் இருக்கவேண்டும். அவ்வெலியில் அங்கே கிளைசின் இருந்தது. அவ்விடம் பெப்டைடைப் பற்றும் வெளிமுனையில் அமைந்துள்ளது. ஓர் அமினோ அமிலம் மாறியதால் ஏற்பி தனக்குரிய செய்தியைப் பற்றும் திறனை இழந்தது. ஒரு விலங்கின் உருவளவை ஒரே எழுத்து எவ்வாறு மாற்றுகிறது என்பது இவ்வாறு படிப்படியாக நிறுவப்பட்டது.

நடுவில் விழுந்த முற்றுப்புள்ளி

எலியில் நிகழ்வது மனிதரிலும் நிகழுமா என்னும் வினா எழுந்தது. மனிதரில் இந்த ஏற்பியின் மரபணு 7ஆம் குரோமோசோமில் உள்ளது. 1996ஆம் ஆண்டில் மைக்கேல் வாஜ்ன்ராய்க்கும் அவருடைய குழுவினரும் அவ்வினாவுக்கு விடை கண்டனர். உறவுக்குள் மணம் செய்துகொண்ட இந்தியக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த குழந்தைகள் இருவர் மிகக் குறைந்த வளர்ச்சியுடன் இருந்தனர். அவர்களுடைய ஏற்பி மரபணுவில், குளுட்டாமிக் அமிலத்தைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்தான ஜி, டி ஆக மாறியிருந்தது. அவ்வாறு மாறியதும் அச்சொல் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்காமல், 'இத்துடன் முடிக்க' என்னும் கட்டளையாகிவிட்டது. 423 மணிகள் கோக்கப்படவேண்டிய சங்கிலி, 72ஆம் இடத்திலேயே நின்றுபோயிற்று. ஆறில் ஒரு பங்கிலேயே முறிந்த அப்புரதம் சவ்வில் சென்று பொருந்தவும் இயலாது. செய்தியைப் பெறவும் இயலாது.

அதே காலகட்டத்தில் ஹீராலால் மகேஷ்வரி, கெர்ஹார்ட் பாமன் ஆகியோர் அடங்கிய சிகாகோ குழுவினர் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்துச் சிற்றூர்களில் வாழ்ந்த, மிகக் குறைந்த உயரமுடைய 18 பேரை ஆராய்ந்தனர். அவர்களுடைய உடல் அளவொத்து அமைந்திருந்தது; அறிவுத்திறன் இயல்பாக இருந்தது. வளர்ந்த ஆடவரின் சராசரி உயரம் ஏறத்தாழ 130 செ.மீ. அவர்களின் மரபணுவைப் படித்தபோது, இந்தியக் குழந்தைகளிடம் கண்ட அதே பிழை, அதே இடத்தில் இருந்தது. 1998ஆம் ஆண்டில் இலங்கையைச் சேர்ந்த ஒரு குடும்பத்திலும் இதே பிழை கண்டறியப்பட்டதாக ஆய்வறிக்கை வெளியாயிற்று.

ஒன்றையொன்று அறியாத குடும்பங்களில் ஒரே எழுத்துப்பிழை எவ்வாறு வந்தது? ஓர் ஓலைச்சுவடியைப் பலர் படியெடுக்கும்போது, மூலச்சுவடியில் நேர்ந்த பிழை எல்லாப் படிகளிலும் தொடரும். பதிப்பாசிரியர்கள் பொதுவான பிழையைக் கொண்டே இச்சுவடிகள் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று கண்டறிவர். மரபியலாளரின் முறையும் இதனையொத்ததே. பிழைக்கு அருகிலுள்ள பிற எழுத்துகளையும் ஒப்பிட்டு நோக்கி, இத்துணைக்கண்டத்தில் நெடுங்காலத்திற்கு முன் வாழ்ந்த ஒரு மூதாதையரிடமிருந்து இப்பிழை பரவியிருக்கவேண்டும் என்று அவர்கள் கருதுகின்றனர். எல்லைக்கோடுகளும் மதங்களும் மொழிகளும் பிற்காலத்தில் பிரித்தவர்களை ஓர் எழுத்து இன்னும் இணைத்துக்கொண்டிருக்கிறது.

பிரேசில் நாட்டு ஊர்

இத்தகைய ஆய்வு மிக நீண்டகாலம் தொடர்ந்து நடைபெற்ற இடம் பிரேசில் நாட்டில் உள்ளது. அந்நாட்டின் வடகிழக்கே செர்ஜிப்பே மாநிலத்தில் இட்டபையானிஞா என்னும் ஊர் உள்ளது. அவ்வட்டாரத்தில் பல தலைமுறைகளாக உயரம் குறைந்த மக்கள் வாழ்ந்துவருகின்றனர். ஏழு தலைமுறைகளில் ஏறத்தாழ 105 பேர் அவ்வாறு இருந்தமை அறியப்பட்டுள்ளது. செர்ஜிப்பே கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனுவேல் அகியார் ஒலிவேரா என்னும் மருத்துவரும், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்த்தோ சால்வத்தோரியும் தம் குழுவினருடன் அம்மக்களை ஆராய்ந்தனர். 1999ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, அங்கும் இதே ஏற்பியின் மரபணுவே பழுதுற்றிருப்பதைக் காட்டியது. ஆனால் பிழை வேறு. மரபணுச் செய்தியில் வேண்டாத பகுதிகளை வெட்டி, வேண்டிய பகுதிகளை ஒட்டுவதற்கான அடையாள எழுத்து ஒன்று அங்கே ஜி என்பதிலிருந்து ஏ ஆக மாறியிருந்தது. வெட்டும் இடம் தெரியாததால் செய்தி குழம்பிப்போயிற்று.

அம்மக்கள் பிறக்கும்போது ஏறத்தாழ இயல்பான அளவிலேயே பிறக்கின்றனர். கருவில் வளர்வதற்குத் தூண்டு பெப்டைடு பெரிதும் தேவைப்படுவதில்லை. பிறந்த பின்னரே வளர்ச்சி பின்தங்குகிறது. மருத்துவம் பெறாத முதியோரின் உயரம் ஏறத்தாழ 105 முதல் 135 செ.மீ. வரை அமைகிறது. பருவமடைதல் தாமதமாகிறதேயன்றித் தடைபடுவதில்லை. அவர்கள் மணம் புரிகின்றனர்; மக்களைப் பெற்றுப் பாலூட்டி வளர்க்கின்றனர். அறிவுத்திறனில் அவர்களுக்கு எக்குறையும் இல்லை.

அவர்களை ஆராய்ந்ததில் எதிர்பாராத உண்மைகளும் வெளிப்பட்டன. அவர்களுடைய இரத்தத்தில் கொழுப்பின் அளவு மிகுந்திருந்தது. வயிற்றுப் பகுதியிலும் கொழுப்புச் சேர்ந்திருந்தது. ஆயினும் இரத்தக் குழாய்களில் உரிய வயதிற்கு முன்பே அடைப்புத் தோன்றவில்லை. இன்சுலின் அவர்கள் உடலில் நன்கு செயல்பட்டது. 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, 20 வயதைக் கடந்த பிறகு அவர்களின் வாழ்நாள், அப்பிழை இல்லாத உறவினரின் வாழ்நாளினின்று வேறுபடவில்லை. வளர்ச்சி ஹார்மோன் இளமையில் உடலை வளர்க்கிறது. முதுமையில் அது வேறு பங்கு வகிக்கக்கூடும் என்னும் சிந்தனைக்கு இவ்வூர் வித்திட்டது.

தெரிந்து தெளிவோம்

'லிட்டில்' வகைச் சுண்டெலிகள், கொழுப்புக் குறைந்த உணவு பெற்ற சூழலில், இயல்பான உருவமுடைய தம் இனத்தவற்றைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடுதலான காலம் வாழ்ந்தன என 2001ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது.

இரு படிகளின் கணக்கு

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு படிகளாக உள்ளது. ஒன்று தாய் தந்தது; மற்றொன்று தந்தை தந்தது. ஏற்பி மரபணுவின் ஒரு படி பழுதுற்றாலும் மற்றொன்று செம்மையாக இருந்தால் போதிய ஏற்பிகள் உருவாகிவிடும். அவர் இயல்பான உயரத்தையே அடைவார். பழுதுற்ற படியைத் தாம் சுமப்பதை அறியவும் மாட்டார். அவரைக் 'கடத்தி' என்பர். இரண்டு படிகளும் பழுதுற்றால்தான் குறை புறத்தே தெரியும். இவ்வாறு மறைந்திருந்து வெளிப்படும் பண்பை ஒடுங்கு பண்பு என்பர்.

இக்கணக்கை முதலில் உணர்ந்தவர் கிரிகோர் மெண்டல். அவர் ஆராய்ந்த பண்புகளுள் உயரமும் ஒன்றாக இருந்தமை இங்கே நினைக்கத்தக்கது. நெட்டைப் பட்டாணிச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறையில் எல்லாம் நெட்டையாகவே வளர்ந்தன. அடுத்த தலைமுறையில் 787 செடிகள் நெட்டையாகவும் 277 செடிகள் குட்டையாகவும் இருந்தன. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. மறைந்த பண்பு அழியவில்லை, காத்திருந்து வெளிப்பட்டது.

தாய், தந்தை இருவரும் கடத்திகளாயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் குறை வெளிப்படுவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. கடத்தியாகும் வாய்ப்பு நான்கில் இரண்டு. பிழை சிறிதும் இல்லாதிருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 'நான்கு குழந்தைகளில் ஒருவருக்கு வரும்' என்று இதனைப் பிழையாகப் பொருள்கொள்ளலாகாது. முதல் குழந்தைக்கு வந்துவிட்டமையால் அடுத்த குழந்தைக்கு வாராது என்பதும் இல்லை. ஒவ்வொரு பிறப்பிலும் கணக்குப் புதிதாகவே தொடங்குகிறது.

அரிதான ஒரு பிழையை இருவரும் சுமந்திருக்கும் வாய்ப்புப் பொதுவாக மிகக் குறைவு. உறவுக்குள் மணம் நிகழும்போது அவ்வாய்ப்புக் கூடுகிறது. அத்தை மகனும் மாமன் மகளும் ஒரே பாட்டன் பாட்டியின் வழிவந்தவர்கள்; அவர்களிடையே எட்டில் ஒரு பங்கு மரபணுப் படிகள் ஒரே மூலத்திலிருந்து வந்தவையாக இருக்கும். தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் இடையே அது நான்கில் ஒரு பங்காகும். தமிழகத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் இம்மணமுறைகள் உறவைப் பேணவும் உடைமையைக் காக்கவும் தோன்றியவை. அவற்றைப் பழிப்பது அறிவியலின் நோக்கமன்று. உறவுக்குள் மணந்த பெரும்பாலோரின் குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றனர் என்பதும் உண்மை. எனினும் குடும்பத்தில் இத்தகைய குறை முன்பே தெரிந்திருந்தால், மணத்திற்கு முன் மரபியல் ஆலோசனை பெறுவது அறிவுடைமையாகும்.

இக்கணக்கு மற்றோர் உண்மையையும் உணர்த்துகிறது. குழந்தை வளராமைக்குத் தாயைக் குறைகூறும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. ஒடுங்கு பண்பு வெளிப்படுவதில் தாய்க்கும் தந்தைக்கும் சம பங்கு உண்டு. இருவருமே அறியாமல் தந்தது அது. அறியாமல் தந்ததற்கு யாரையும் குற்றவாளியாக்க இயலாது.

அறுந்த கண்ணியும் மருத்துவமும்

ஏற்பியில் குறையுடைய குழந்தைக்குத் தூண்டு பெப்டைடைக் கொடுத்துப் பயனில்லை. கேட்கும் செவி அங்கே இல்லை. ஆனால் சங்கிலியின் அடுத்த கண்ணியாகிய வளர்ச்சி ஹார்மோனையே நேரடியாகக் கொடுத்தால் குழந்தை வளரும். பூட்டிய கதவைத் திறக்க இயலாதபோது, உள்ளே சேரவேண்டியதை வேறு வழியில் சேர்ப்பது போன்றது இது. வேறு சில குழந்தைகளுக்கு வளர்ச்சி ஹார்மோனின் ஏற்பியே பழுதுற்றிருக்கும். இஸ்ரேல் மருத்துவர் ஸ்வி லாரோன் 1966ஆம் ஆண்டில் விவரித்த அந்நோயில் வளர்ச்சி ஹார்மோன் இரத்தத்தில் நிறைந்திருந்தும் பயன் தருவதில்லை. அவர்களுக்கு இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியையே கொடுக்கவேண்டும். புறத்தோற்றத்தில் இவ்விரு குழந்தைகளும் ஒத்திருப்பர்; மருந்தோ வேறு. மரபணு ஆய்வின் பயன் இங்கே விளங்கும்.

வளர்ச்சி ஹார்மோன் மருத்துவம் 1950களின் இறுதியில் தொடங்கிற்று. அக்காலத்தில் இறந்தோரின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்தே அது எடுக்கப்பட்டது. மருந்து கிடைப்பதரிதாக இருந்தது. அதன் வழியே கொடிய மூளைநோய் சிலருக்குத் தொற்றியமை 1985ஆம் ஆண்டில் தெரியவந்ததும் அம்முறை கைவிடப்பட்டது. அதே ஆண்டில் மரபணுப் பொறியியல் வழியே, நுண்ணுயிர்களைக் கொண்டு உருவாக்கிய வளர்ச்சி ஹார்மோன் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று அதனைத் தோலின் கீழ் ஊசி வழியே நாள்தோறும் பல்லாண்டுகள் செலுத்துகின்றனர்.

இம்மருத்துவத்திற்குக் காலவரையறை உண்டு. பருவமடைதல் நிறைவுற்றதும் எலும்பின் வளர்தட்டுகள் மூடிக்கொள்கின்றன. அதன்பின் எவ்வளவு ஹார்மோன் கொடுத்தாலும் உயரம் கூடாது. 'தாமதமாக வளர்வான்', 'வயதுக்கு வந்தால் சரியாகிவிடும்' என்று காத்திருக்கும் ஆண்டுகள் திரும்பி வாரா. நான்கு வயது முதல் பருவமடையும் வரை ஒரு குழந்தை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 செ.மீ. வரை வளர்வது இயல்பு. 4 செ.மீ.க்கும் குறைவாக வளர்ந்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும். இதனைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. சுவரில் ஒட்டிய அளவுகோலும், ஆண்டுதோறும் குறித்துவைக்கும் பழக்கமும் போதும். பெற்றோருக்கும் பள்ளிக்கும் எளிதில் இயலும் பணி இது. உயரக்குறைவிற்கு ஊட்டமின்மை, தைராய்டு குறை, குடல் நோய் எனக் காரணங்கள் பலவாதலால், காரணத்தை மருத்துவரே ஆய்ந்து முடிவு செய்யவேண்டும்.

உயரமும் உயர்வும்

இவ்வளவும் அறிந்தபின் ஒரு வினா எஞ்சுகிறது. உயரம் குறைந்திருப்பது களையப்படவேண்டிய குறையா? தக்க வயதில் மருந்து கிடைத்து, அதனை விரும்பும் குழந்தைக்கு அது மறுக்கப்படலாகாது. ஆனால் மருந்து கிடைக்காதவரும், உரிய வயதைக் கடந்தவரும், வேண்டாவென மறுத்தவரும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களுக்கு வேண்டுவது எட்டும் உயரத்தில் அமைந்த மேசையும் படிக்கட்டும் பேருந்துப் படியும்; அவற்றைவிடவும் இன்றியமையாதது, ஏளனம் கலவாத பார்வை. இந்தியாவில் 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், உயரக்குறைபாட்டினைச் சட்டப் பாதுகாப்புக்குரிய நிலைகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. சட்டம் உரிமையைத் தரும். மதிப்பை மனிதர்தாம் தரவேண்டும்.

உருவளவைக் கொண்டு ஒருவரை மதிப்பிடுவது தமிழ் மரபிற்கு ஒவ்வாதது. இரண்டடியில் அமைந்த குறுகிய பாவிற்குக் 'குறள்' என்று பெயரிட்டு, அப்பெயராலேயே தன் தலைசிறந்த நூலை வழங்கும் மொழி இது. தன் முதல் இலக்கண ஆசிரியராகக் குறுமுனியாம் அகத்தியரைப் போற்றும் மரபும் இது. இத்தகைய மரபில் வந்த நாம், வகுப்பறையில் உயரம் குறைந்த ஒருவரைப் பட்டப்பெயரிட்டு அழைப்போமாயின், அம்மொழியைக் கற்றதன் பயனை இழந்தவராவோம்.

சிந்துவின் சிற்றூர்களிலும் இட்டபையானிஞாவிலும் வாழும் மக்கள் தம் குருதியையும் தம் குடும்ப வரலாற்றையும் ஆய்வாளர்க்கு மனமுவந்து அளித்தனர். அதனால் கிடைத்த அறிவு, அவர்கள் என்றும் காணப்போகாத குழந்தைகளுக்கு உதவுகிறது. ஏற்பி ஒன்று எவ்வாறு செயல்படுகிறது என்பதை அவர்களின் வழியே உலகம் கற்றுக்கொண்டது. 300 கோடி எழுத்துகளில் ஓர் எழுத்து மாறினால் மனிதரின் உயரம் மாறலாம். அவருடைய அறிவோ அன்போ உரிமையோ அதனால் ஒரு சிறிதும் குறைவதில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வகுப்பு மாணவர்களின் உயரத்தைக் கல்வியாண்டின் தொடக்கத்திலும் இறுதியிலும் அளந்து, ஓராண்டு வளர்ச்சியை அட்டவணைப்படுத்துக. ஒருவரின் அளவை மற்றவரோடு ஒப்பிட்டுப் பேசாமல், அவரவர் வளர்ச்சியை அவரவரே அறியுமாறு செய்க.

2. கடத்திகளான தாய், தந்தையின் குழந்தைகளுக்கு உள்ள வாய்ப்புகளைக் கட்டம் வரைந்து விளக்குக. ஒருவர் மட்டும் கடத்தியாக இருப்பின் நிகழ்வது யாது என்பதையும் கண்டறிக.

3. உங்கள் பள்ளியில் உயரம் குறைந்த ஒருவர் எட்ட இயலாதவாறு அமைந்துள்ள இடங்களைப் பட்டியலிட்டு, அவற்றை மாற்றியமைக்க வேண்டித் தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதுக.